பட்டியலில் உண்டு, பெட்டியில் இல்லை

அமெரிக்க அரசு தன் வெளியீடுகளை நாடெங்கும் உள்ள நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பிவைக்கிறது. கூட்டாட்சி வைப்பு நூலகத் திட்டம் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டில் இன்று சுமார் 1,100 நூலகங்கள் இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள அரசு அச்சகம் பெட்டியைக் கட்டி அனுப்பும். பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் அனுப்புப் பட்டியல் ஒன்றும் அதற்கு உண்டு. நூலகப் பணியாளர் பெட்டியைப் பிரித்துப் பட்டியலை வரிவரியாகச் சரிபார்க்கிறார்; ஒரு வரிக்கு உரிய நூல் மட்டும் இல்லை. தம் நூலகம் அந்த வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், 60 நாளுக்குள் ‘இது எங்களுக்கு வந்து சேரவில்லை’ என்று எழுதிக் கேட்க வேண்டும் என்பது விதி. கையேடுகளில் ஒரு மூலையில் அடங்கிவிடும் இந்த நடைமுறையைப் பெரும்பாலானோர் எழுத்தர் வேலையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அரசு பதிப்பித்ததாகச் சொல்வதும் மக்கள் கைக்கு எட்டியதும் ஒன்றுதானா என்று வெளியில் இருக்கும் ஒருவர் சரிபார்க்கும் இடம் இந்த முழுத் திட்டத்திலும் இது ஒன்றுதான். ஆனால் அந்தச் சரிபார்ப்பு முழுக்க முழுக்கப் பட்டியலை நம்பி நிற்கிறது. பட்டியலில் ஏறாத வெளியீடு வரவில்லை என்று யாரும் கேட்க முடியாது. இன்றைய சிக்கல்கள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் ஆவணங்களையும் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வரலாற்றுச் சங்கங்களுக்கும் வழங்கக் காங்கிரஸ் 1813இல் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்காக வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் 200 பிரதிகள் அச்சிடப்பட்டன. 1857 முதல் 1859 வரை வந்த சட்டங்கள் விநியோகத்தை உள்துறைச் செயலரிடம் ஒப்படைத்தன. எந்த நூலகம் பெற வேண்டும் என்று குறிக்கும் உரிமையைக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குத் தந்தன. ஆனால் ஒரே அறிக்கையை உள்துறையும் அனுப்பியது, உறுப்பினர் தம் பங்கிலிருந்தும் அனுப்பினார், வெளியிட்ட துறையும் அனுப்பியது. ஒரு நூலகத்தில் ஒரே நூல் மூன்று நான்கு பிரதிகளாகக் குவியும். பக்கத்து ஊர் நூலகத்தில் அது ஒன்றுகூட இராது. வராத நூலைக் கேட்கலாம் என்றால், என்ன வெளிவந்தது என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்லும் முழுமையான ஏடு அரசிடமே இல்லை. 1774 முதல் 1881 வரையிலான வெளியீடுகளைத் தேடித் தொகுத்த பெஞ்சமின் பெர்லி பூரின் விவரப் பட்டியல் 1885இல்தான் வந்தது. உள்துறையில் ஆவணக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கிரிஸ்வோல்ட் ஏம்ஸ், மிகுதிப் பிரதிகளை நூலகங்களிடமிருந்து திரும்பப் பெற்று இல்லாத இடங்களுக்கு அனுப்பினார். கூடவே பட்டியலும் தயாரித்தார். ஒரே மனிதர் இந்த இரண்டு வேலையையும் கையில் எடுத்தது தற்செயல் அல்ல. 1895ஆம் ஆண்டின் அச்சுச் சட்டம் கண்காணிப்பாளர் பதவியை அரசு அச்சகத்துக்குள் கொண்டுவந்தது. மாதாந்தரப் பட்டியல் அதே ஆண்டில் தொடங்கியது. வைப்பு நூலகங்களுக்கு அனுப்பப்பட்ட நூல்களுக்கு எதிரே அதில் பிற்காலத்தில் ஒரு கரும்புள்ளி இடப்பட்டது. ‘இது எங்களுக்கு வந்திருக்க வேண்டும்’ என்று வாஷிங்டனிலிருந்து ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் சிற்றூர் நூலகர் உறுதியாகச் சொல்ல அந்தப் புள்ளி போதும்.

1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடக்கத்தில் எல்லா நூலகங்களுக்கும் எல்லாமும் போனது. இடமில்லாத நூலகங்கள் திணறின. விரும்பியதை மட்டும் தேர்ந்துகொள்ளும் முறை 1922இல் வந்தது. வெளியீடுகள் எண்ணிட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டன. 1962ஆம் ஆண்டுச் சட்டம் மண்டல வைப்பு நூலகம் என்ற அடுக்கை உருவாக்கியது. ஒரு மாநிலத்துக்கு இரண்டு வரை அமையலாம். அவை எல்லாவற்றையும் பெற்று நிரந்தரமாகக் காக்க வேண்டும். மற்றவை தேர்ந்தவற்றை ஐந்தாண்டு வைத்திருந்து, மண்டல நூலகத்தின் ஒப்புதலோடு கழிக்கலாம். இந்த ஏற்பாட்டில் ‘வரவில்லை’ என்பதற்குப் பல பொருள்கள் உண்டு. நூலகம் அந்த வகையைத் தேர்ந்தெடுக்காமலே இருந்திருக்கலாம். தேர்ந்தெடுத்திருந்தாலும் அது இன்னும் நடப்புக்கு வராமல் இருக்கலாம்: புதிதாகச் சேர்க்கும் வகைகள் அடுத்த நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1 முதல்தான் செல்லுபடியாகும், நீக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். நூல் தனி உறையில் வேறொரு நாளில் வரக்கூடும். நிலவியல் ஆய்வுத் துறையின் நிலப்படங்கள் அச்சகத்தின் பெட்டியில் வராமல் அத்துறையிடமிருந்தே நேராக வந்தன. அவற்றுக்கான கோரிக்கையும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. பெட்டி கட்டும்போதே கையிருப்பு தீர்ந்துவிட்டால், விடுபட்ட நூலகங்களுக்குப் பிறகு அனுப்புவதாக அச்சகமே குறித்துவைக்கும். அதற்குத் தனிப் பட்டியல் வரும், நூலகம் எழுதத் தேவையில்லை. இத்தனையையும் விலக்கிய பின் எஞ்சுவதுதான் உண்மையான விடுபாடு. கட்டும் கூடத்தில் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு தொட்டி, தேர்ந்த நூலகத்தின் தொட்டிமேல் மட்டும் விளக்கு எரியும் என்ற அளவுக்கு நேர்த்தி செய்திருந்தார்கள். என்றாலும் நூலைப் போட்டது மனிதக் கை. கை தவறும். அதில் வியப்பில்லை.

இந்தப் படிகளைக் கடக்காமல் எழுதப்படும் கோரிக்கைகளே அச்சகத்தின் நீண்ட காலத் தலைவலி. தேர்ந்தெடுக்காத வகைக்குக் கேட்பது, பின்னால் வரப்போவதை முன்கூட்டியே கேட்பது, தம் அலமாரியில் தவறான இடத்தில் செருகிவிட்டு வரவில்லை என்பது என எல்லாம் உண்டு. கெடுவைக் கறாராக வைத்ததற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு துறை ஆயிரம் பிரதிகளுக்கு ஆணை கொடுக்கும்போது, அதே அச்சோட்டத்தோடு வைப்பு நூலகங்களுக்கான பிரதிகளையும் சேர்த்து அடித்துக்கொள்வதே திட்டத்தின் அடிப்படை. தட்டு பொறியில் இருக்கும்வரை கூடுதல் பிரதிக்குச் செலவாவது காகிதமும் மையும் கட்டுமானமும்தான். தட்டை இறக்கிய பிறகு ஒரே ஒரு பிரதி வேண்டும் என்றால் முழுச் செலவையும் மீண்டும் செய்ய வேண்டும். ஆகவே கோரிக்கைகளுக்கென்று ஒரு சிறு எண்ணிக்கை தொடக்கத்திலேயே கூடுதலாக எடுக்கப்படும். அது இருக்கும்வரை கிடைக்கும். தீர்ந்தால் ‘கையிருப்பில்லை’ என்று பதில் வரும். அதன்பின் மண்டல நூலகத்தில் படியெடுக்க வேண்டும், அல்லது பிற நூலகங்கள் கழிக்கும் பிரதிகளின் பட்டியலில் தேட வேண்டும். கெடு இல்லாவிட்டால், எப்போதோ யாரோ கேட்பார்கள் என்று அந்தச் சிறு கையிருப்பைக் காலவரையின்றிக் காத்துவைக்க வேண்டியிருக்கும். 60 நாள் என்ற வரம்பை அதிகாரியின் கெடுபிடி என்று திட்டும் நூலகர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஆனால் இதே கணக்கு வேறொரு முடிவையும் தருகிறது. கோரிக்கை மதிப்புள்ளதாக இருக்கும் காலம் மிகக் குறுகியது என்றால், பெட்டியை உடனே பிரித்துப் பார்க்காத நூலகம் தன் உரிமையைத் தானே கைவிடுகிறது. ஆட்குறைப்பால் மூலையில் அடுக்கிய பெட்டிகள் மூன்றாம் மாதம் திறக்கப்படும்போது, விடுபாடு தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அச்சகத்தின் பார்வையிலோ அந்த நூலகம் கேட்கவே இல்லை. எனவே எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கேதான் கோரிக்கையின் மற்றொரு பயன் தெரிகிறது. ஒரு நூலகம் ஒரு நூலைக் கேட்டால் அது கை தவறியதற்கான அடையாளம். ஒரே நூலை நாற்பது நூலகங்கள் கேட்டால் அந்த நூலுக்கான அடுக்கு முழுவதுமே கூடத்தைவிட்டு வெளியேறவில்லை என்று பொருள். ஒரே நூலகம் வாரந்தோறும் நான்கைந்தைக் கேட்டால், அதன் தேர்வு விவரம் இரு பக்கத்திலும் ஒத்துப்போகவில்லை. விநியோகத்தில் எங்கே ஓட்டை என்று அச்சகத்துக்குச் சொல்லும் தகவல் இப்படித்தான் சேர்கிறது. கேட்காமல் விடும் நூலகங்கள் பெருகும்போது இந்தத் தகவல் கெடுகிறது. மௌனம் வெற்றியாகக் கணக்கில் ஏறுகிறது. மளிகைச் சிட்டையைச் சரிபார்க்காமல் பணம் கட்டும் வீட்டுக்குக் கடைக்காரர் வேண்டுமென்றே குறைத்துத்தான் போடுவார் என்பதில்லை. குறைந்தால் அவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஒரு வலுவான மறுப்பு உண்டு. வராத நூலுக்கு இவ்வளவு பாடு எதற்கு? விலைக்கு விற்கும் வெளியீடாயின் வாங்கிவிடலாம். இல்லையென்றால் மண்டல நூலகத்திலிருந்து இரவல் பெறலாம். ஐந்தாண்டில் கழிக்கப்போகும் நூலைத் துரத்துவதற்குப் பணியாளரின் நேரம் அதைவிட விலை மதிப்புள்ளது. சிறு நூலகத்தைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எல்லோரும் கேட்க வேண்டும் என்பது வீம்பு. ஆனால் மறுப்பின் அடித்தளமே மண்டல நூலகத்தில் அந்தப் பிரதி இருக்கிறது என்ற அனுமானம். மண்டல நூலகத்துக்கும் அதே கூடத்திலிருந்து, அதே கைகளால்தான் பெட்டி கட்டப்படுகிறது. அங்கும் விடுபட்டு, அங்கும் யாரும் கேட்காமல் போனால், அந்த மாநிலம் முழுவதற்கும் இரவல் தர எதுவும் இல்லை. அது தெரியவருவது எப்போதோ ஓர் ஆய்வாளர் தேடி வரும்போது. எனவே மண்டல நூலகத்துக்கு விதிவிலக்கே கூடாது. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அது பதில் சொல்ல வேண்டும். மற்ற நூலகங்கள் தரம் பிரிக்கலாம். தொடர் வெளியீட்டின் ஓர் இதழ் விடுபட்டால் வரிசையே முறியும் என்பதால் அதைக் கேட்க வேண்டும். தம் ஆற்றில் கட்டப்போகும் அணை பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கை விடுபட்டால் கண்டிப்பாகக் கேட்க வேண்டும், ஏனெனில் அதைத் தேடி வரும் வாசகர் அந்த ஊரில்தான் இருக்கிறார். 1977க்குப் பிறகு வெளியீடுகளில் பெரும்பகுதி மைக்ரோஃபிஷ் வடிவத்துக்கு மாறியது. அங்கே விடுபாடு இன்னும் நுட்பமானது: ஐந்து தகடுகள் கொண்ட அறிக்கையில் மூன்றாவது மட்டும் உறையில் இராது. தலைப்பு வந்துவிட்டது என்று பட்டியலில் குறியிட்டுவிடுவார்கள். தகடுகளை எண்ணிப் பார்த்தவர்கள் மட்டுமே கேட்டார்கள்.

சட்டம் ‘இது வாங்கிய பொருள் பற்றிய குறை’ என்ற எண்ணத்தையே மறுக்கிறது. வைப்பு நூலகத்துக்கு வரும் வெளியீடு நூலகத்தின் சொத்தாவதில்லை. அது அரசின் உடைமையாகவே இருக்கிறது, நூலகம் அதன் காப்பாளர். ஆகவே கோரிக்கை எழுதுவது வாடிக்கையாளரின் முறையீடு ஆகாது. தன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதாக ஏட்டில் இருக்கும் பொருள் தன்னிடம் வரவில்லை என்று காப்பாளர் பதிவு செய்வது அது. பதிவு செய்யாதவர், வராத ஒன்றுக்கு வந்ததாகக் கையொப்பம் இட்டவர் ஆகிறார். இந்த ஏட்டுக்கு ஒரு கூரிய மறுமுனையும் உண்டு. 2001 அக்டோபரில், நாட்டின் பெரிய குடிநீர் ஆதாரங்களின் விவரங்கள் கொண்ட நிலவியல் ஆய்வுத் துறையின் குறுந்தகட்டை அழித்துவிடும்படி வைப்பு நூலகங்களுக்கு ஆணை போனது. 2004 ஜூலையில், சொத்துப் பறிமுதல் நடைமுறை தொடர்பான ஐந்து வெளியீடுகளை அழிக்கச் சொல்லி நீதித் துறை கேட்டது. இந்த இரண்டாவது ஆணைக்கு அமெரிக்க நூலகச் சங்கமும் நூலகர்களும் கடும் எதிர்ப்புக் காட்டினார்கள். அதே மாதத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது. இரு முறையும் யாரிடம் எந்தப் பிரதி இருக்கிறது என்பதை அரசால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அனுப்பியதன் பதிவு. நூலகருக்குக் கேட்கும் உரிமை தரும் அதே ஏடுதான் அரசுக்குத் திரும்பக் கேட்கும் வசதியையும் தருகிறது. அப்படியானால் ஏடே வேண்டாமே என்று யாராவது வாதிடலாம். அது சரியல்ல. 2004இல் ஆணையை எதிர்க்க முடிந்ததும் எந்தெந்தத் தலைப்புகள் என்று எல்லோருக்கும் பெயரோடு தெரிந்திருந்ததால்தான். பெயர் தெரியாமல் மறைந்ததற்காக யாரும் போராட முடியாது.

இதுவரை சொன்னது பட்டியலில் ஏறியவற்றைப் பற்றி. அச்சகம் பெட்டியில் போடத் தவறியவற்றைவிடப் பெரிய இழப்பு, அச்சகத்துக்கே வராமல் போனவை. நூலகர்கள் இவற்றைத் தலைமறைவு ஆவணங்கள் என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். அரசின் அச்சு வேலை முழுவதும் அரசு அச்சகத்தின் வழியாகவே நடக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 44ஆம் தலைப்பு சொல்வது. நடைமுறை வேறு. 1983இல் சாதா வழக்கில் உச்ச நீதிமன்றம் காங்கிரசின் தடுப்பதிகாரத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்த பின், அச்சு வேலைகளின்மீது நாடாளுமன்றக் குழு செலுத்திய கட்டுப்பாடே அரசியலமைப்புக்கு முரண் என்று நிர்வாகப் பக்கம் வாதிடத் தொடங்கியது. மேசைக் கணினியும் நகல் எந்திரமும் வந்தபின் எந்த அலுவலகமும் தன் அறிக்கையைத் தானே அச்சிட்டுக்கொள்ள முடிந்தது. 2002 மே மாதத்தில் வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம், துறைகள் அச்சகத்தைத் தவிர்த்து மலிவான இடத்தில் அச்சிடலாம் என்று சுற்றறிக்கையே அனுப்பியது. மறு ஆண்டு அச்சகத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டுதான் அந்த மோதல் தணிந்தது. இதில் சட்டமே வைத்த ஒரு பொறி உண்டு. வெளியில் அச்சிட்டால் வைப்பு நூலகப் பிரதிகளின் செலவை அந்தத் துறைதான் ஏற்க வேண்டும். நூலகங்களுக்குத் தராமல் இருந்தால் பணம் மிச்சம், தந்தால் செலவு. இந்த நிலையில் துறைகள் மறந்துவிட்டன என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இப்படித் தப்பிய நூலுக்கு எந்த நூலகமும் கோரிக்கை எழுதவில்லை, ஏனெனில் எந்தப் பட்டியலிலும் அது இல்லை. கோரிக்கை முறை தன் வேலையைப் பிழையில்லாமல் செய்துகொண்டிருக்கும்போதே, தொகுப்பில் பெரும் பள்ளங்கள் விழுந்தன. தற்செயலாகக் கண்ணில் பட்ட வெளியீட்டை அச்சகத்துக்குத் தெரிவிக்க ‘லாஸ்ட்டாக்ஸ்’ என்ற படிவ வழி பின்னர் வந்தது. தனக்கு வராததைக் கேட்பதற்குப் பதிலாக, யாருக்குமே வராததைக் காட்டிக்கொடுக்கும் வழி அது. பழைய கோரிக்கையின் உண்மையான வாரிசு அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் நிறைய நூலகங்களில் அது ஓய்வு நேர ஆர்வலரின் பொழுதுபோக்காகவே இருக்கிறது.

பட்டியல் இல்லாத உரிமை எப்படியிருக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இந்தியாவின் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைச் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் சேர்ப்பிக்க வேண்டும். அலுவலகப் பயனுக்கு மட்டுமானவை தவிர அரசு வெளியீடுகளுக்கும் இது பொருந்தும். மீறினால் 50 ரூபாய் வரை தண்டம், கூடவே நூலின் விலை. அமெரிக்க முறையில் இல்லாத தண்டனை இங்கே இருக்கிறது; அங்கே இருக்கும் அனுப்புப் பட்டியல் இங்கே இல்லை. என்ன வெளிவந்தது என்று நூலகமே மோப்பம் பிடிக்க வேண்டும். தேசிய நூற்பட்டியலும் இச்சட்டப்படி வந்து சேர்ந்த நூல்களைக் கொண்டே தொகுக்கப்படுவதால், வராத நூல் பட்டியலிலும் ஏறாது. பட்டியலில் ஏறாததால் வரவில்லை என்றும் தெரியாது. தண்டத்தொகையை உயர்த்தினால் சரியாகிவிடும் என்று அவ்வப்போது எழும் யோசனை இந்த வட்டத்தை உடைக்காது.

இனி எல்லாமே மின்வடிவம்தானே, பெட்டியும் கோரிக்கையும் பழங்கதை என்பது இன்று அதிகம் கேட்கும் மறுப்பு. 1993இல் வந்த சட்டத்தின் வழியே தொடங்கிய இணைய வெளியீடு இன்று ‘கவ்இன்ஃபோ’ என்ற தளமாக வளர்ந்திருக்கிறது. நம்பகமான எண்மக் களஞ்சியத்துக்கான பன்னாட்டுச் சான்றிதழை அது 2018இல் பெற்றது. திட்டம் முழுவதையும் மின்வடிவத்துக்கு மாற்றலாம் என்று அச்சகம் அமைத்த பணிக்குழு 2022இல் பரிந்துரைத்தது. அச்சில் அனுப்பும் தலைப்புகள் அதன்பின் மேலும் சுருக்கப்பட்டன. மின்வடிவம் அணுகலை எவ்வளவோ விரித்திருக்கிறது. சிற்றூர் நூலகம் தேர்ந்தெடுக்காத வகையையும் அங்கே உட்கார்ந்தே படிக்கலாம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்டி வந்தபோது ஒரு நூலகர் கட்டாயமாகச் செய்த ஒரு வேலை, இருக்க வேண்டியதையும் இருப்பதையும் ஒப்பிடுவது, இப்போது யாருடைய கடமையும் அல்ல. நூற்பட்டியலில் உள்ள இணைப்பு ஒரு நாள் வெற்றுப் பக்கத்துக்குப் போகும். யாராவது தட்டிப் பார்த்து எழுதினால் சரிசெய்யப்படும். கோப்பில் ஒரு வரைபடம் விடுபட்டிருக்கும். அறிக்கை சத்தமில்லாமல் திருத்தப்பட்டு அதே முகவரியில் நிற்கும். 2025 ஜனவரி இறுதியில், புதிய அதிபரின் ஆணைகளைத் தொடர்ந்து, நோய்க் கட்டுப்பாட்டு மையம் உள்ளிட்ட அமைப்புகளின் இணையப் பக்கங்கள் ஏராளமாக மறைந்தன. அவற்றுள் சிலவற்றை மீண்டும் ஏற்றும்படி பிப்ரவரி 11 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அந்த வழக்கைத் தொடுத்தது மருத்துவர்களின் அமைப்பு. வைப்பு நூலகங்கள் தம் கோரிக்கைப் படிவத்தை எடுத்து எழுதியிருக்க முடியாது. அந்தப் பக்கங்கள் அவற்றிடம் ஒப்படைக்கப்படவே இல்லையே.

மின்வடிவில் கோரிக்கைக்கு இடமே இல்லை என்பதும் உண்மையல்ல. ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘லாக்ஸ்’ மென்பொருளைக் கொண்டு சில பத்து நூலகங்கள் அரசுத் தளத்தின் உள்ளடக்கத்தைத் தத்தம் கணினிகளில் நகலெடுத்து வைத்திருக்கின்றன. அந்தக் கணினிகள் அவ்வப்போது ஒன்றோடொன்று தம் நகல்களை ஒப்பிடும். ஒன்றில் கோப்பு சிதைந்திருந்தால் மற்றவற்றிலிருந்து சீர்செய்துகொள்ளும். பெட்டியைப் பிரித்தவர் செய்த ஒப்பிடலும் கேட்டலும் அங்கே ஓய்வில்லாமல், 60 நாள் கெடு இல்லாமல் நடக்கின்றன. கையிருப்பு தீர்ந்தது என்ற பதிலும் வருவதில்லை. செலவை முன்வைத்து வாதிடுபவர்களுக்கு இதைவிட நல்ல விடை வேண்டியதில்லை. நூலகங்கள் கோப்புகளுக்கு இணைப்பு மட்டும் கொடுத்துவிட்டு நிற்காமல், பிரதியையே தம்மிடம் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்துக்கும் இது வலுச் சேர்க்கிறது. மண்டல நூலகங்கள், அரசுத் தளத்தில் நம்பகமான மின்பிரதி உள்ள தலைப்புகளின் அச்சுப் பிரதிகளைச் சில நிபந்தனைகளோடு கழிக்கலாம் என்று இப்போது அனுமதி இருக்கும் நிலையில், இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவும் இருக்க முடியாது. ஆனால் இந்த எந்திரமும் அரசுத் தளத்தில் ஏறியதை மட்டுமே காக்கும். தளத்துக்கு வராமல் துறையின் இணையப் பக்கத்தில் ஆறு மாதம் கிடந்து மறையும் அறிக்கை அதன் கண்ணுக்கும் தெரியாது. 2008 முதல் ஒவ்வோர் அதிபர் பதவிக்காலத்தின் முடிவிலும் அரசு இணையதளங்களை மொத்தமாக வாரிச் சேமிக்கும் பணியில் சில நூலகங்களும் அமைப்புகளும் கூட்டாக ஈடுபடுகின்றன. நற்பணிதான், ஆனால் வலையில் விழுந்ததைச் சேமிப்பதால், எது விழவில்லை என்று அதனால் சொல்ல இயலாது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டும் என்பார்கள். இருக்கும் சட்டத்தையே ஒரு முறை படிப்பது நல்லது. 44ஆம் தலைப்பின் 1902ஆம் பிரிவு, அலுவல் பயனுக்கு மட்டுமானவை, பாதுகாப்புக் காரணத்தால் மறைக்கப்பட்டவை நீங்கலாக எல்லா அரசு வெளியீடுகளும் வைப்பு நூலகங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை: அச்சகத்துக்கு வெளியே பெற்ற வெளியீடுகளில் முந்தைய மாதம் தான் வெளியிட்டவற்றின் பட்டியலை அரசின் ஒவ்வொரு அங்கமும் ஆவணக் கண்காணிப்பாளருக்குத் தர வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டளையிடுகிறது. மாதந்தோறும். தராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. யார் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. கேட்பவர் இல்லாததால் தருபவரும் அரிதானார். விடுபட்ட ஒற்றை நூலுக்காக 60 நாளுக்குள் தவறாமல் எழுதிப் பழகிய நூலகங்கள், தத்தம் மாநிலத்தில் இயங்கும் கூட்டாட்சி அலுவலகங்களை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டு, ‘கடந்த மாதப் பட்டியல் இன்னும் வரவில்லை’ என்று கண்காணிப்பாளர் வழியே எழுதத் தொடங்கலாம். படிவம் பழையதே போதும். நூலின் பெயர் எழுதும் இடத்தில் துறையின் பெயரையும் மாதத்தையும் எழுத வேண்டும்.